கலவரக் காலத்து வதந்தியும் உண்மைச் சரிபார்ப்பும்: பாணந்துறை முதல் அம்பாறை வரை

1. வினா

கலகம் மூண்ட நாட்களில் ஊர்வாயில் உலவும் ஒரு செய்தியை எடுத்து, அதன் பிறப்பிடத்தைத் தேடி, அதற்குச் சொல்லப்படும் சாட்சியங்களை நிறுத்துப் பார்த்து, அது பொய்யென்று நிரூபணமானால் அந்த நிரூபணத்தைப் பொதுஜனங்களின் முன் வைத்துவிட வேண்டும்; வைத்த மாத்திரத்தில் வெறி தணியாவிட்டாலும் தணிவதற்கான ஹேதுவாவது அதனால் உண்டாகும் என்னும் நம்பிக்கையே உண்மைச் சரிபார்ப்பு எனப்படும் இக்காலத் தொழிலின் அஸ்திவாரம். 2015இல் அமெரிக்காவின் பாயின்டர் நிறுவனம் இத்தொழிலினருக்கென ஒரு சர்வதேச வலையமைப்பைத் தொடங்கியதும், 2016 டிசம்பரில் பேஸ்புக் நிறுவனம் தன் தளத்துப் பதிவுகளை வெளியாரைக் கொண்டு சரிபார்க்க இசைந்ததும், 2017இல் இந்தியாவில் ஆல்ட் நியூஸ் தோன்றியதும், 2019 ஏப்ரல் 21ஆம் நாள் ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்துப் பெருகிய பொய்ச்செய்திகளினிடையே இலங்கையில் வாட்ச்டாக் என்னும் குழு உருவானதும் இந்நம்பிக்கையின் பலன்களே.

இந்நம்பிக்கை முழுவதும் பிழையென்று ஸ்தாபிப்பது என் நோக்கமன்று. ஆயினும் இலங்கையின் இனக்கலவரங்களைப் பற்றிய பதிவுகளை வரிசையாக வைத்துப் படிப்பவருக்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. பரவிய கதை பொய்யென்பது அநேகமாக ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரால் கண்டறியப்பட்டே இருக்கிறது. கண்டறிய ஆளில்லாத குறையினால் எந்த ஊரும் எரியவில்லை. அப்படியாயின் குறை எங்கே இருந்தது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா இது ஒன்றுதான். இதற்கு 1958, 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் இலங்கைச் சம்பவங்களை முதன்மைச் சான்றாகவும், 2023இல் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளரைப் பற்றி எழுந்த வதந்தியை ஒப்புநோக்குக்காகவும் எடுத்துக்கொள்கிறேன்.

2. இதுகாறும் சொல்லப்பட்டவை

வதந்தியைப் பற்றிய நவீன ஆராய்ச்சியின் ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்று நம் துணைக்கண்டத்திலேயே எழுதப்பட்டது. 1934ஆம் ஆண்டு பீகார் பூகம்பத்துக்குப் பின் ஜனங்களிடையே உலவிய கதைகளைத் தொகுத்து ஆராய்ந்த ஜமுனா பிரசாத், பொதுவானதோர் அச்சம் ஒரு சமூகத்தைப் பற்றிக்கொள்ளும்போது அந்த அச்சத்துக்கு ஒரு நியாயம் தேடித் தருவதாகவே கதை பிறக்கிறது என்ற திசையில் சிந்தித்தார். அவருக்குப் பின் வந்து அவரிலும் புகழ்பெற்றவர்கள், 1947இல் வதந்தியின் உளவியல் பற்றி நூல் எழுதிய கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் ஆவர். விஷயத்தின் முக்கியத்துவமும் அதைப் பற்றிய தெளிவின்மையும் ஒன்றையொன்று பெருக்குவதால் வரும் தொகையே வதந்தியின் பலம் என்பது அவர்களுடைய சூத்திரம். பெருக்கல் என்றமையால் இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் வதந்தி பூஜ்யமாகிவிடும். தெளிவின்மையை நீக்கிவிட்டால் போதும் என்ற சரிபார்ப்பாளர் நம்பிக்கைக்கு மூலம் இதுவே. 1942இல், யுத்த காலத்தில், பாஸ்டன் ஹெரால்டு பத்திரிகை வாரந்தோறும் வதந்திகளை எடுத்து மறுப்பதற்கென்றே ஒரு பகுதியை நடத்தியது. மறுப்பதற்காக அச்சிட்ட பொய்யே மறுபடி பரவாதா என்ற கேள்வியும் அப்போதே எழுந்துவிட்டது.

கலகங்களோடு இவ்விஷயத்தை நேராகப் பொருத்திப் பார்த்தது அமெரிக்காவின் கெர்னர் ஆணைக்குழு. தான் ஆராய்ந்த கலகங்களில் 65 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் வதந்தி பதற்றத்தைக் கணிசமாக மிகுவித்ததென்று 1968இல் அது அறிக்கையிட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே சிகாகோ நகரில், எவரும் தொலைபேசியில் அழைத்து ‘இப்படிக் கேள்விப்பட்டேன், மெய்தானா?’ என்று கேட்டறியும் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. இன்றைய சரிபார்ப்புத் தளங்களின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம். பேரனைவிட அதற்கு ஒரு விசேஷம் இருந்தது, கேட்பவர் தாமாக வந்து கேட்டார்.

இணைய யுகத்து ஆய்வுகளில் அதிகம் எடுத்தாளப்படுவது வொசூகி, ராய், ஆரல் ஆகிய மூவர் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்து, பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்யைக் காட்டிலும் 70 சதவீதம் அதிகமென்றும், ஆயிரத்தைந்நூறு பேரைச் சென்றடைய மெய்க்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு காலம் வேண்டியிருந்ததென்றும் அவர்கள் காட்டினர். அந்த இதழ் வெளியான நாள் 2018 மார்ச் 9. கண்டிக் கலவரத்தை அடுத்து இலங்கை முழுவதும் அவசரகாலச் சட்டம் அமுலாகி மூன்று நாள்தான் கடந்திருந்தது. மறுக்கப்பட்ட பொய்யை மனிதர் முன்னிலும் இறுகப் பற்றிக்கொள்வர் என்று 2010இல் நைஹானும் ரைஃப்ளரும் சொன்ன கருத்து, பின்னர் உட்டும் போர்ட்டரும் விரிவாகச் செய்த சோதனைகளில் நிலைநிற்கவில்லை. மறுப்பு தீங்கு செய்வதில்லை என்பது இன்றைய பொதுவான முடிவு. தீங்கு செய்யாத மருந்து நோயைத் தீர்க்கும் என்று அதனால் ஏற்படாது.

இவற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பவர் பால் பிராஸ். வட இந்தியக் கலவரங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த அவர், கலவரம் தானாக மூள்வதன்று, அதை நடத்தித் தருவதற்கென்றே ஊரூராக ஓர் ஏற்பாடு நிலைத்திருக்கிறது, வதந்தி அந்த ஏற்பாட்டின் கருவிகளுள் ஒன்று மட்டுமே என்றார். இலங்கைத் தமிழரான ஸ்டான்லி தம்பையா 1996இல் வெளியிட்ட தென்னாசியக் கூட்டுவன்முறை பற்றிய நூலில் 1915, 1958, 1983 ஆகிய கலவரங்களை ஒருசேர வைத்து நோக்கியபோது, கூட்டத்தின் சினத்தையும் ஏற்பாட்டாளரின் கைவண்ணத்தையும் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டார். எனக்கு உடன்பாடானது தம்பையாவின் வழி. பிராஸ் சொல்வதே முழு உண்மையென்றால் வதந்தியைச் சரிபார்ப்பது வீண்வேலை. ஆல்போர்ட் சொல்வதே முழு உண்மையென்றால், இனி நாம் காணப்போகும் 1958இன் பாணந்துறை எரிந்திருக்கக் கூடாது.

3. அளவை நூல்கள் தரும் துணை

மேலைநாட்டு ஆய்வுகள் அனைத்தும் செய்தியின் மெய்ம்மையைப் பற்றியும் கேட்பவனின் மனநிலையைப் பற்றியும் பேசுகின்றன; சொல்பவனைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றன. நம் மரபின் அளவை நூல்களோ அறிவு உண்டாகும் வழிகளை எண்ணும்போது சொல்பவனுக்கென்று தனியிடம் ஒதுக்கி வைத்துள்ளன. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிறர் விரித்துரைத்த அளவைகளையெல்லாம் காண்டல் (நேரிற் காணல்), கருதல் (அனுமானித்தல்), உரை என்னும் மூன்றில் அடக்கினார். இவற்றுள் உரையளவை என்பது ஆப்தன் வாக்கினால் வரும் அறிவு; ஆப்தனாவான் பொருளை உள்ளவாறு உணர்ந்தவனும், கேட்பவனை வஞ்சிக்கும் எண்ணமில்லாதவனுமாகிய நம்பத்தக்கவன். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் வரும் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகிறான். அவற்றுள் ஐதிகம் என்பது இன்னார் சொன்னார் என்றில்லாமல் உலகோர் வாயில் வழங்கும் சொல். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்ல, அதைக் கேட்டுத் தெளிவது அதற்கு அங்கே காட்டப்படும் உதாரணம்.

வதந்தி என்பது ஐதிகம் ஆப்தவாக்கியத்தின் வேடம் புனைந்து வருவது என்பேன். முகமறியாத யாரோ எங்கோ சொன்ன சொல், ஒன்றுவிட்ட தமையனின் வாட்ஸ்அப்பிலிருந்தோ, விகாரைத் தலைமைப் பிக்குவின் வாயிலிருந்தோ, பள்ளியில் கற்பித்த ஆசிரியரின் பக்கத்திலிருந்தோ வந்து சேரும்போது, அனுப்பியவரின் நம்பகம் அச்சொல்லின்மேல் ஏறிக்கொள்கிறது. சரிபார்ப்பாளரின் வேலையோ காண்டலையும் கருதலையும் சார்ந்தது. இந்தப் படம் முன்பு எங்கே வெளியாயிற்று, காணொளியின் பின்னணியில் தெரியும் பெயர்ப்பலகை எந்த ஊரினது, நிழல் விழும் திசைக்கும் சொல்லப்பட்ட நேரத்துக்கும் பொருத்தம் உண்டா என்று அவர் தேடுகிறார். முடிவு எவ்வளவு செம்மையானதாயினும் அதைக் கேட்பவனுக்கு எடுத்துச் சொல்பவர் கொழும்பிலோ டில்லியிலோ இருக்கும் அறிமுகமற்ற ஒருவர். உரையளவையால் உண்டான அறிவைக் காண்டலளவை கொண்டு அகற்றும் இந்த முயற்சியில் ஓர் ஆப்தன் குறைவுபடுகிறான் என்பதே என் கருத்து. அதைச் சான்றுகளில் காண்போம்.

4. பாணந்துறை, 1958

1958 மே மாதக் கலவரத்தைப் பற்றி நமக்குள்ள சமகாலப் பதிவுகளில் தலையாயது, அப்போது சிலோன் ஒப்சேவர் ஆசிரியராயிருந்த டார்சி வித்தாச்சி எழுதி, லண்டனில் அச்சாகி, இலங்கையில் தடைசெய்யப்பட்ட ‘எமர்ஜென்சி ’58’ என்னும் நூல். பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருத்தி மட்டக்களப்பில் தமிழரால் சிதைத்துக் கொல்லப்பட்டாள் என்ற கதை அவ்வூரில் பரவியதை வித்தாச்சி விவரிக்கிறார். கல்வி அமைச்சு விசாரித்தது. மட்டக்களப்பில் பணிபுரிந்தோருள் பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவருமே இல்லையென்று தெரிந்தது. அதாவது கொலை நடக்கவில்லை என்பது மட்டுமன்று, கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்ட மனுஷியே இல்லை. ஆயினும் பாணந்துறையின் இந்துக் கோயிலில் பூசை செய்துவந்தவர் உயிரோடு எரிக்கப்பட்டார்.

இந்தச் சம்பவத்தைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். வதந்திகளில் பல, கைக்கெட்டாத விஷயங்களைப் பற்றியவை. இதுவோ ஓர் அரச அலுவலகத்துப் பதிவேட்டைப் புரட்டினாலே முடிவாகிவிடும் விஷயம். புரட்டியும் பார்த்தார்கள். ஆல்போர்ட்டின் சூத்திரத்தில் தெளிவின்மை என்ற எண் பூஜ்யமாகிவிட்டது. ஆனால் அந்தப் பூஜ்யம் அமைச்சின் கோப்பில் இருந்தது. பாணந்துறைச் சந்தியில் இல்லை. பாணந்துறைச் சந்திக்கு அதை எடுத்துச்சென்று, ‘அப்படி ஒரு பெண் நம்மூரில் இல்லை, எவர் வீட்டு மகள் என்று சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று கேட்கத்தக்கவர் அவ்வூரிலேயே இருந்திருக்க வேண்டும். ஊர்ப்பள்ளியின் தலைமையாசிரியர் கேட்டிருக்கலாம், விகாரையின் பிக்கு கேட்டிருக்கலாம், ஏன், மகளை மட்டக்களப்புக்கு அனுப்பாத எந்தத் தகப்பனும் கேட்டிருக்கலாம். மெய்க்கு அங்கே உரிமை கொண்டாடுவோர் இருக்கவில்லை.

அதே வேளை எதிர்த்திசையில் ஒரு குரல், நாட்டிலேயே பெரிய குரல், ஒலித்தது. மே 26ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்க வானொலியில் பேசியபோது, நுவரெலியாவின் முன்னாள் நகரபிதா செனவிரத்ன உள்ளிட்டோர் மட்டக்களப்புப் பகுதியில் உயிரிழந்தமையே பிற இடங்களில் வன்முறை மூளக் காரணமாயிற்று என்ற கருத்துப்படப் பேசினார். காலவரிசை அவ்வாறிருக்கவில்லை. பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் தாக்குதல் நடந்தது மே 22. ஏறாவூரில் புகையிரதம் கவிழ்க்கப்பட்டது மே 23. செனவிரத்ன மாண்டது மே 25. பின்னே நிகழ்ந்ததை முன்னே நிகழ்ந்ததற்குக் காரணமாக்கும் இந்தத் தவறு ஒரு மாணவனின் விடைத்தாளில் இருந்திருந்தால் சிரித்துக் கடந்திருப்போம். அந்த மரணத்துக்குத் தனிப்பகையே காரணமெனக் கருதப்பட்டதையும் வித்தாச்சி எடுத்துக்காட்டி, பிரதமரின் உரையைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அவர் கண்டித்தது நியாயமே. வதந்தியைத் தடுத்திருக்க வேண்டிய ஆப்தன் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான்.

5. அதிகாரத்தின் வாயும் அச்சின் வாயும்

இது ஒருமுறை நேர்ந்த விபரீதமாயின் மறந்துவிடலாம். 1977 ஆகஸ்டுக் கலவரத்தை விசாரித்த முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனியின் ஆணைக்குழு, யாழ்ப்பாணத்து நாக விகாரைக்கு ஆபத்து என்னும்படியான பொய்ச்செய்தி பொலிஸ் வானொலித் தொடர்பினூடாகவே தெற்கே சென்றதைப் பதிவு செய்தது. 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற கதையைக் கேட்டு நகரமே ஓடியது. ஓடியது திரும்பிவந்து தமிழரைக் கொன்றது. கலவரம் தொடங்கி ஐந்தாம் நாள் அது. நாட்டின் ஜனாதிபதி மக்களை நோக்கி முதன்முறையாகப் பேசியது அதற்கு முந்திய நாள்தான்.

2019இல் நிகழ்ந்ததோ இன்னும் நுட்பமானது. ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்கு ஒரு மாதத்துக்குப் பின், மே 23ஆம் நாள், திவயின என்னும் சிங்கள நாளிதழ் தன் முதற்பக்கத்தில், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு அவர்கள் அறியாமல் கருத்தடை செய்துவிட்டதாக வெளியிட்டது. குருநாகல் போதனா வைத்தியசாலையைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறையிட முன்வந்தனர். அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மருத்துவர் தனித்திருப்பதில்லை, தாதியரும் உதவியாளரும் சூழ நிற்பர், அத்தனைபேர் கண்ணையும் மறைத்து நாலாயிரம் முறை ஒரு காரியத்தைச் செய்துவிட இயலாது என்பது மருத்துவம் கற்காதவர்க்கும் விளங்கக்கூடிய நியாயம். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. மருத்துவர் பிணையில் வெளிவந்தார். இங்கே கதை பேஸ்புக்கில் பிறந்து பத்திரிகைக்கு ஏறவில்லை. பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஏறியபின்தான் பேஸ்புக்கில் அதற்கு இறக்கை முளைத்தது. சமூக ஊடகமே சகல தீமைக்கும் ஊற்று என்று பேசும் பத்திரிகையாளர் நண்பர்கள் இதை நினைவிற் கொள்வது நன்று.

6. அம்பாறையும் திகனயும், 2018

2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவருடைய உணவகத்தில், உண்ண வந்தவர்களுள் ஒருவர் கறியில் கட்டி ஒன்றைக் கண்டு, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரியாக அறியாத உணவகத்தார் அச்சத்தில் தடுமாறிச் சொன்ன சொற்கள் ஒப்புதல்போல் ஒலிக்க, அதை ஒருவர் கைபேசியில் பதிந்தார். உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. காணொளி பேஸ்புக் வழியே நாடெங்கும் சென்றது. அதனோடு, அம்பாறையில் முஸ்லிம் மருந்துக்கடைக்காரரிடம் 23,000 கருத்தடை மாத்திரைகளைப் பொலிசார் கைப்பற்றினர் என்ற முழுப்பொய்யும் சேர்ந்துகொண்டது. உணவில் கலந்து கொடுத்து நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லையென்று வைத்தியர்கள் கூறினர். அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அந்தக் கட்டியைச் சோதித்து, அது வெறும் மாவுப்பொருளே என்றது.

இந்தக் காணொளி சரிபார்ப்புத் தொழிலுக்கே ஒரு பிரச்சினையைக் கிளப்புகிறது. அது பொய்க் காணொளி அன்று. சொல்லப்பட்ட ஊரிலேயே, சொல்லப்பட்ட இரவிலேயே, சொல்லப்பட்ட மனிதரைக் கொண்டே எடுக்கப்பட்டது, வெட்டி ஒட்டப்படவில்லை. படத்தின் பிறப்பிடத்தைத் தேடும் உபாயங்கள் அனைத்தையும் அது தேர்ச்சியோடு கடந்துவிடும். காண்டல் அங்கே குற்றமற்றது. குற்றம் கருதலில் இருந்தது. மிரட்டப்பட்டவன் சொன்னதை ஒப்புதல் என்று கருதியதும், மாவுக்கட்டியை மாத்திரை என்று கருதியதும், ஒரு கடைக்காரனின் செயலை ஒரு சமூகத்தின் சதி என்று கருதியதுமே பொய். இந்தக் கருதலுக்கு வேண்டிய முற்கோள், சிங்களவரின் தொகை சூழ்ச்சியால் குறைக்கப்படுகிறது என்னும் அச்சம், அம்பாறைக்கு வெகுகாலம் முன்பே தயாராயிருந்தது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறத்தாழ 74 சதவீதமாயிருந்த சிங்களவர் 2012இல் 74.9 சதவீதமாயினர் என்ற எண்ணை எவரும் மறைத்து வைக்கவில்லை. புள்ளிவிபரத் திணைக்களத்தின் பிரசுரத்தில் அது யாரும் காணக் கிடந்தது.

கண்டி மாவட்டத்துத் திகனயைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் சங்கடமான உண்மையொன்றை எதிர்கொள்ள வேண்டும். பெப்ரவரி 22ஆம் நாள் தெல்தெனியப் பகுதியில், வாகனத் தகராறு ஒன்றில், சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் சிலர் அடித்தனர். அவர் மார்ச் முதல் நாட்களில் மருத்துவமனையில் மாண்டார். இது நடந்த சம்பவம். சரிபார்ப்பாளர் எவ்வளவு தேடினாலும் ‘உண்மை’ என்றுதான் இதற்கு முத்திரையிட வேண்டியிருக்கும். மார்ச் 5ஆம் நாள் திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டதற்கும், எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் மாண்டதற்கும் முகாந்திரமாகக் காட்டப்பட்டது இந்த மெய்யே. தெருச்சண்டை ஒன்றின் விளைவான மரணம் இனத்தின்மேல் தொடுத்த யுத்தமாகத் தோன்றியதற்கு, ஒரு வாரம் முன் அம்பாறையிலிருந்து புறப்பட்ட பொய் உதவியாயிற்று. பொய்யை மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் தொழில், மெய்யும் பொய்யும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்தக் கட்டுமானத்தின் முன் என்ன செய்யும் என்பதற்கு இதுவரை நான் படித்த சரிபார்ப்புக் கையேடுகளில் திருப்தியான விடை இல்லை.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், அளுத்கமக் கலவரம் நடந்த 2014ஆம் ஆண்டிலேயே, பேஸ்புக்கில் பெருகிவரும் சிங்கள வெறுப்புப் பேச்சைப் பற்றி விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தது. 2018இல் பச்சிளங் குழந்தையையும் விடாமல் முஸ்லிம்களைக் கொல்லும்படி அழைத்த சிங்களப் பதிவு ஒன்றை முறையிட்டபோது, அது தங்கள் விதிகளை மீறவில்லை என்று பேஸ்புக் நிறுவனத்திடமிருந்து விடை வந்தது. அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறுவனத்தில் போதிய அளவில் இருக்கவில்லை. தான் அமர்த்திய ஆர்ட்டிகிள் ஒன் என்னும் அமைப்பின் ஆய்வை வெளியிட்டு, இலங்கையில் தன் தளம் விளைவித்த மனித உரிமைப் பாதிப்புகளுக்காகப் பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்.

7. சரிபார்ப்பு யாருக்காக?

பிராஸின் வாதத்துக்கு இப்போது திரும்பலாம். கலவரத்தை நடத்துவோருக்கு வதந்தி பொய்யென்பது முன்பே தெரியும். அவர்களிடம் நிரூபணத்தை நீட்டுவது பயனற்றது. கல்லெடுத்தவனுக்கும் அக்கணத்தில் அது எட்டாது. ஆனால் இவ்விருவரும் ஊரின் மிகச் சிறு பகுதியினர். கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டு, ‘அவர்கள் செய்தது அவ்வளவு அநியாயமென்றால் இவர்கள் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்யும்’ என்று நினைக்கும் மூன்றாமவரே ஊரின் பெரும்பகுதி. அவருடைய மௌனமே கலகக்காரனுக்கு அனுமதிப்பத்திரம். வதந்தி உண்மையில் அவரை நோக்கியே சொல்லப்படுகிறது. அவரை ஓடவைப்பதற்கன்று, வீட்டுக்குள் இருத்திவைப்பதற்கு. சரிபார்ப்பும் அவரை நோக்கியே சொல்லப்பட வேண்டும். அவருடைய மொழியில், அவர் மதிப்பவர் வாயால், முதல் நாளிலேயே. 2018 மார்ச்சில் கண்டிப் பிரதேசத்தில் சில பிக்குமார் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது முஸ்லிம்களுக்குத் துணையாக நின்றனர். அவர்கள் எந்தக் காணொளியையும் பகுத்தாராயவில்லை. ஆனால் அயலவருக்கு அவர்கள் ஆப்தர்.

8. ஓர் ஒப்புநோக்கு: தமிழ்நாடு, 2023

2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று இந்தியில் காணொளிகள் பரவின. அவற்றுள் ஒன்று ராஜஸ்தானில் நடந்த கொலையைக் காட்டியது; இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க் குழுக்களிடையே நடந்த பழிதீர்ப்பு. இங்கே பொய் கருதலில் மட்டுமன்றிக் காண்டலிலேயே இருந்தமையால் சரிபார்ப்பாளர் வேலை எளிதாயிற்று. ஆனால் அச்சம் அவர்களுடைய கட்டுரைகளால் மாத்திரம் தணிந்ததாகச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உடனே காணொளி வழியே மறுத்தார். திருப்பூரிலும் கோவையிலும் அதிகாரிகள் தொழிற்கூடங்களுக்கே சென்று இந்தியில் பேசினர். எல்லாவற்றுக்கும் மேலாக, பீகார் அரசு தன் ஊரக வளர்ச்சித்துறைச் செயலாளர் பாலமுருகன் தலைமையில் நால்வர் குழுவை அனுப்பியது. குழுவினர் தொழிலாளரைச் சந்தித்து, தாக்குதல் நடக்கவில்லை என்று பீகாரின் பெயராலேயே உரைத்தனர். திருப்பூரில் பனியன் தைக்கும் பிள்ளையை நினைத்துத் தர்பங்காவில் கலங்கும் தாய்க்குத் தமிழ்நாட்டு அரசின் வாக்கு எதிர்வழக்காளியின் வாக்கு. அவளுடைய சொந்த அரசின் அதிகாரி சொன்னதே ஆப்தவாக்கியம். மார்ச் 8 ஹோலிப் பண்டிகைக்காக ஊருக்குப் புறப்பட்டோரின் கூட்டமே தப்பியோடுவோர் கூட்டமாகப் படம்பிடித்துக் காட்டப்பட்டது என்பதும் அப்போது விளங்கியது.

இந்த உதாரணத்தை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. அங்கே இரு அரசுகளுக்கும் வதந்தி அடங்குவதே லாபமாயிருந்தது. இலங்கையில் பலமுறை நிலைமை அதுவன்று.

9. சட்டமும் தடையும்

அரசையே மெய்யின் காவலனாக்கிவிடலாம் என்ற யோசனைக்கு விடை மேலே சொன்ன சரித்திரத்திலேயே இருக்கிறது. 1958இல் அவசரகாலத் தணிக்கை பத்திரிகைகளின் வாயை அடைத்தது. வானொலியின் வாயை அடைக்கவில்லை. 2018 மார்ச் 7 முதல் ஏறத்தாழ ஒரு வாரம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் முதலியன தடுக்கப்பட்டன. தொழில்நுட்பம் அறிந்தோர் மாற்றுவழிகளால் உள்ளே சென்றனர்; அறியாதோருக்கு வதந்தி ஏற்கெனவே சென்றுவிட்டிருந்தது, மறுப்பு மாத்திரம் செல்ல வழியில்லாதிருந்தது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஐவர் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கிறது. 1958ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் வானொலி உரை இப்படியோர் ஆணைக்குழுவின் முன் வந்திருந்தால் அது என்ன தீர்ப்பு வழங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ‘எமர்ஜென்சி ’58’ நூல் அதன் முன் வந்திருந்தால் என்ன தீர்ப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. சமூக ஊடக நிறுவனங்களை நம்பியிருக்கலாமா என்றால், 2025 ஜனவரியில் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அமெரிக்காவில் வெளியார் சரிபார்ப்பு ஏற்பாட்டையே கைவிடுவதாக அறிவித்துவிட்டது.

ஆகவே உண்மைச் சரிபார்ப்பை ஒரு நிரூபணத் தொழிலாக மட்டும் வளர்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நிரூபணம் இன்றியமையாதது; பாணந்துறையில் அந்த ஆசிரியை இல்லவே இல்லை என்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குத் தெரிகிறதென்றால் அமைச்சில் யாரோ பதிவேட்டைப் புரட்டினார்கள், ஒரு பத்திரிகாசிரியர் அதை எழுதிவைத்தார். ஆனால் கலவர நாளில் அது பயன்படவேண்டுமாயின், கலவரம் இல்லாத நாட்களிலேயே ஊரூராக அதைச் சுமந்து செல்வோர் இருந்தாக வேண்டும். சிங்கள ஊரில் சிங்களவரும், முஸ்லிம் ஊரில் முஸ்லிம்களும், தமிழ் ஊரில் தமிழரும் அப்பணியை ஏற்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது நமக்குரியது. கிழக்கு மாகாணத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரங்களிலும் வதந்திக்குப் பங்குண்டு. அவற்றுள் தமிழில் பேசப்பட்டவை உண்டு, தமிழரால் நம்பப்பட்டவை உண்டு. சிங்கள வதந்தியை மறுத்து நாம் தமிழில் எழுதும் கட்டுரை எந்தச் சிங்கள வாசகனையும் சென்றடைவதில்லை; நம் வாசகருக்கு அது மறுப்புமன்று, முன்பே அறிந்த ஒன்றின் உறுதிமொழி மாத்திரமே. தமிழ்ப் பத்திரிகாசிரியர்களிடம் என் விண்ணப்பம் இது: அடுத்த முறை நம் மொழியில், நம்மவர் வாயில், அண்டைச் சமூகத்தைப் பற்றி ஒரு கதை பரவுமானால், அதன் மறுப்பை அன்றைக்கே முதற்பக்கத்தில், உங்கள் பெயரோடு வெளியிடுங்கள்.